மெட்டலா, கிட்டா, ப்ரூடரா, முழுக்கக் கையாலா: உங்கள் வண்டியை மாடலாக்க எதில் ஆரம்பிப்பது?

சேலத்துப் பக்கம் மண் அள்ளும் வண்டி வைத்திருப்பவர்கள், ஓட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் கேட்பது ஒரே கேள்விதான். "எங்க வண்டியாட்டமே, எங்க பேரோட, அந்த அடி, கீறல், அழுக்கோட ஒரு சின்ன மாடல் வேணும். எதை வாங்கி ஆரம்பிக்கறது?" வழி நான்கு இருக்கிறது. 1:50 (நிஜ வண்டியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு) மெட்டல் மாடலை வாங்கிப் பிரித்து மாற்றலாம், 1:35 பிளாஸ்டிக் கிட்டை ஒட்டிச் சேர்க்கலாம், 1:16 ப்ரூடர் (ஜெர்மன் பிளாஸ்டிக் பொம்மை) வண்டியை எடுத்து வேலை பார்க்கலாம், இல்லையென்றால் பிளாஸ்டிக் ஷீட், பித்தளை, த்ரீடி பிரிண்ட் என்று முழுக்க நாமே செய்யலாம். இதில் எது நல்லது என்று கேட்டால் பதில் இல்லை, எந்த வண்டி, யார் கையில் இருக்கப் போகிறது என்று கேட்டால் பதில் இருக்கிறது.

முதலில் எதைப் பார்ப்பது

பலர் விலையை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் கணக்கில் விலை கடைசி. முதலில் பார்க்க வேண்டியது, கடையில் கிடைக்கிற மாடலுக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது. வித்தியாசம் பெயிண்டிலும் ஸ்டிக்கரிலும் மட்டும் என்றால் ஒரு வழி. பக்கெட்டுக்குப் பதில் கல் உடைக்கும் பிரேக்கர், கேபினுக்கு மேல் கம்பிக் கூண்டு என்று நாலைந்து பாகம் மாறினால் இன்னொரு வழி. வண்டியின் உடம்பே வேறு என்றால் அது தனி வழி, அங்கே எந்த ரெடிமேட் மாடலும் உதவாது.

இரண்டாவது, அளவு. ஜேசிபி 3டிஎக்ஸ் பேக்ஹோ ரோட்டில் போகிற நிலையில் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1:50-இல் அது 12 சென்டிமீட்டர், 1:35-இல் 17, 1:16-இல் 37. இருபது டன் ஹிட்டாச்சி என்றால் பூமை (தூக்கும் கையை) மடக்கிய நிலையிலேயே 1:16-இல் 60 சென்டிமீட்டரை நெருங்கும், அதை வைக்க டிவி ஸ்டாண்டையே காலி செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, யார் தொடப் போகிறார்கள். கண்ணாடிக்குள் இருக்கப்போகும் மாடலும் ஐந்து வயதுப் பையன் மணலில் உருட்டப்போகும் மாடலும் ஒன்றாக முடியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒன்று செய்யலாம் என்று நினைத்தால் இரண்டுக்கும் உதவாத ஒன்றுதான் மிஞ்சும்.

அப்புறம் பெயிண்ட் அடிக்க இடம், வெயில், ஈரம். சேலத்தில் ஏப்ரல், மே மதியத்தில் ஏர்பிரஷ் முனையிலேயே அக்ரிலிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும், காலை ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது. ஏற்காட்டில் நேர் எதிர்: பனிமூட்டம் இறங்கிய நேரத்தில் லேக்கர் அடித்தால் ஈரத்தை இழுத்து மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், வெயில் ஏறுகிறவரை பொறுக்கத்தான் வேண்டும்.

1:50 மெட்டல் மாடல்

கட்டுமான வண்டிகளுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் அளவு 1:50. ஜெர்மனியின் என்இசட்ஜி, கான்ராட், கேட் (கேட்டர்பில்லர்) வண்டிகளுக்கு டைகாஸ்ட் மாஸ்டர்ஸ் என்று ஆள் நிறைய. ஹிட்டாச்சிக்கு ஜாக்சிஸ் வரிசையில் மாடல்கள் வந்திருக்கின்றன. ஜேசிபி தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டு மாடல்கள் பெரும்பாலும் 3சிஎக்ஸ், 4சிஎக்ஸ். 4சிஎக்ஸுக்கு நாலு சக்கரமும் ஒரே அளவு. நம் ஊரில் ஓடும் 3டிஎக்ஸுக்கு முன்சக்கரம் சிறியது. மஞ்சளாக இருக்கிறது என்று 4சிஎக்ஸை வாங்கினால் ஓட்டுநர் ஒரே பார்வையில் "இது நம்ம வண்டி இல்லையே" என்று சொல்லிவிடுவார்.

இந்த வழியின் பலம், வடிவம் ஏற்கெனவே சரியாக இருப்பது. கனமும் இருப்பதால் பூமைத் தூக்கி வைத்தால் அப்படியே நிற்கும். நீங்கள் காசையும் நேரத்தையும் நிறத்திலும் பெயரிலும் அழுக்கிலும் போடலாம்.

பிரிப்பதுதான் பயமுறுத்தும், ஆனால் பழகினால் எளிது. அடியில் இருக்கும் ரிவெட் தலையின் நடுவில் ஆணியால் ஒரு புள்ளி அடித்துவிட்டு, மூன்று மில்லிமீட்டர் பிட்டால் மெதுவாகத் துளைத்தால் தலை கழன்று வரும், திரும்ப மாட்ட இரண்டு மில்லிமீட்டர் ஸ்க்ரூ போதும். பூம் பின்கள் பெரும்பாலும் அழுத்திச் செருகியவை, ஒரு முனையில் மட்டும் வரிவரியாகப் பல் இருக்கும். பல் இல்லாத பக்கத்திலிருந்து தட்ட வேண்டும். தப்பான பக்கத்திலிருந்து தட்டினால் துளை பெரிதாகி, அப்புறம் பூம் தொங்கத் தொங்கத்தான் நிற்கும்.

பெயிண்டை உரிக்க பெயிண்ட் ரிமூவர் போதும், அதற்கு முன் பிளாஸ்டிக் பாகம் அத்தனையையும் கழற்றிவிடுங்கள். பாத்ரூம் அடைப்புக்கு ஊற்றும் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு, கேட்காதீர்கள். இந்த மாடல்கள் இரும்பு இல்லை, நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம் சேர்த்த துத்தநாகக் கலவை. காஸ்டிக் அதை அரித்துக் கறுப்பாக்கிவிடும்.

இதே காரணத்தால் சேலத்துக்காரர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் வெள்ளிக் கொலுசு செய்யும் செவ்வாய்ப்பேட்டையும் குகையும் பக்கத்தில் இருக்க, உடைந்த பூமையோ கழன்ற கைப்பிடியையோ கொலுசுப் பட்டறையில் ஊதிப் பற்றவைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வெள்ளிப் பற்றாசு (பற்றவைக்கும் கலவை) உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், இந்தக் கலவை 400 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். பற்றாசு உருகும் முன் பூம் உருகி ஓடிவிடும். மெட்டல் மாடலுக்கு எபாக்ஸி பசையும் நடுவில் துளைத்துச் செருகிய ஒரு கம்பியும்தான் வழி.

மறைந்திருக்கும் செலவு சுங்கம். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. அளவுக்குச் செய்த மாடல்களும் சுங்கப் பட்டியலில் பொம்மையோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அதனால் வெளிநாட்டுக் கடையில் பார்த்த விலையோடு கூரியரைக் கூட்டிக் கணக்குப் போட்டவர்களுக்குப் பார்சல் வரும்போதுதான் உண்மையான விலை தெரிகிறது. இங்கே ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் கடைக்காரரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவது பல சமயம் லாபம். இன்னொரு செலவு மனசு சம்பந்தப்பட்டது: பத்தாயிரம் ரூபாய் மாடலில் முதல் துளை போடக் கை வராது. அதற்கு ஆன்லைனில் கிடைக்கும் பெயரற்ற சீன மெட்டல் பொம்மை ஒன்றை வாங்கி, அதில் பிரித்து, உரித்து, அடித்துப் பழகுங்கள்.

1:35 பிளாஸ்டிக் கிட்

இந்த அளவு ராணுவ மாடல் உலகத்திலிருந்து வந்தது, அதுதான் இதன் பெரிய வசதி. டீசல் கேன், பீப்பாய், சங்கிலி, டூல் பெட்டி, உட்கார்ந்திருக்கும் ஆள் என்று துணைப்பொருள் எல்லாம் 1:35-இல் குவிந்து கிடக்கிறது. வண்டிகள்தான் குறைவு. ஹாசெகாவா ஹிட்டாச்சி வண்டிகளைக் கிட்டாகப் போட்டிருக்கிறது, அதில் இரட்டைக் கை வைத்த அஸ்டாகோ நியோவும் ஒரு வீல் லோடரும் உண்டு. மெங் போட்ட கேட் டி9ஆர் புல்டோசர் கவசம் போர்த்திய ராணுவ வண்டி, அதைச் சிவில் வண்டியாக மாற்றுவதே ஒரு தனி வேலை.

மாற்றங்கள் செய்ய இதைவிட நல்ல பொருள் இல்லை. எல்லாம் தனித்தனிப் பாகம், வெட்டலாம், ஒட்டலாம், பிளாஸ்டிக் ஷீட்டில் புதிதாகச் செய்து சேர்க்கலாம், பெயிண்ட் உரிக்கும் வேலையே இல்லை. ஹைட்ராலிக் ஹோஸும் இந்த அளவில்தான் கண்ணுக்கு நிறைகிறது: 25 மில்லிமீட்டர் ஹோஸ் இங்கே 0.7 மில்லிமீட்டர், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் மெல்லிய சால்டர் வயரை வளைத்தால் வளைத்த இடத்தில் நிற்கும். கறுப்பு அடித்துவிட்டால் முடிந்தது.

சங்கடம் நேரம். ட்ராக் லிங்கை ஒவ்வொன்றாக வெட்டி, தேய்த்து, கோக்கும் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். முடிந்தபிறகும் இது எடை இல்லாத, எளிதில் உடையும் பொருள். ஏர்பிரஷ், கம்ப்ரசர், பசை, கட்டர் எல்லாம் சேர்த்தால் கிட் விலையை அது தாண்டிவிடும், ஆனால் அதெல்லாம் அடுத்த மாடலுக்கும் இருக்கும்.

உங்கள் வண்டி கிட்டாக வந்திருந்தால் தயங்காமல் இதை எடுங்கள். வரவில்லையென்றால் கிட்டத்தட்ட இருக்கிற ஒன்றை வாங்கி வம்புக்கு இழுத்துக்கொள்ளாதீர்கள்.

1:16 ப்ரூடர்

மாடல்காரர்கள் இதைப் பொம்மை என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்மன் ப்ரூடர் வண்டிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் கெட்டியாகச் செய்தவை, பூமும் பக்கெட்டும் கையால் அசையும், ஜேசிபி பேக்ஹோவும் அந்த வரிசையில் வந்திருக்கிறது. குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதுதான்.

சேலத்தில் இதற்கு ஒரு தனி வசதி இருக்கிறது. பூமின் மேல் முதலாளி பேரும் போன் நம்பரும் எழுத வேண்டும் அல்லவா, நிஜ வண்டியில் ஓர் எழுத்து 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் 1:16-இல் அது 12 மில்லிமீட்டருக்கு மேல். லாரிக்கு ஸ்டிக்கர் வெட்டும் ரேடியம் கடையிலேயே கொடுத்து வெட்டிக்கொள்ளலாம், நிஜ வண்டிக்கு வெட்டிய அதே கடைக்காரரிடம் அதே ஃபைலைச் சின்னதாக்கி. 1:50-இல் அதே எழுத்து 4 மில்லிமீட்டர், அதைப் பிளேடால் வெட்டினால் 'ண'வின் சுழியெல்லாம் பிய்ந்து வரும். அங்கே தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்கால் பேப்பர்தான், அதிலும் தடித்த எழுத்து. மஞ்சள் பூமில் கறுப்பு எழுத்து என்றால் தெளிவான பேப்பர் போதும். கறுப்பின் மேல் மஞ்சளோ வெள்ளையோ வேண்டுமென்றால் வெள்ளைப் பேப்பரில் பின்னணிக் கறுப்பையும் சேர்த்து அச்சடித்து ஓரம் ஒட்ட வெட்ட வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது.

ப்ரூடரில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் ப்ரைமர் இல்லாமல் அடித்த பெயிண்ட் நகத்தால் சுரண்டினாலே உரியும். அசையும் இணைப்புகளில் பெயிண்ட் தடித்தால் இறுகும், அசைக்க அசைக்க அங்கேதான் முதலில் தேயும். இணைப்புகளுக்கு டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். அப்புறம், நெருங்கிப் பார்த்தால் இது கொஞ்சம் மொத்தமான வண்டிதான். கைப்பிடி, கண்ணாடி, வைப்பர் எல்லாம் குழந்தைக் கைக்காகத் தடிமனாக்கப்பட்டவை.

முழுக்கக் கையால்

இந்த வழிக்கு ஒரே நியாயமான காரணம், உங்கள் வண்டி எங்கும் மாடலாக வராதது. நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியை எந்த ஜெர்மன் கம்பெனியும் செய்யப் போவதில்லை. லேலண்ட் சேசிஸ், அதன் மேல் நிமிர்த்தும் மாஸ்ட் கம்பம், ஜாக்கி, ராடு அடுக்கு, பக்கத்தில் கம்ப்ரசர், உடம்பெல்லாம் பெயரும் பூவும். 1:50 ஐரோப்பிய லாரியை வாங்கி கேபினை மாற்றலாம் என்று சிலர் தொடங்குவார்கள், சக்கரமும் சேசிஸும் தவிர எதுவும் மிஞ்சாது.

கேபினை த்ரீடி பிரிண்ட் எடுப்பது நல்லது. இங்கே எந்த பிரிண்டர் என்பது முக்கியம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் பிரிண்டரில் ஓர் அடுக்கு 0.2 மில்லிமீட்டர் என்றால், 1:50-இல் அது நிஜத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரப் படிக்கட்டு, கேபின் முழுக்கத் தகரக் கூரை மாதிரி வரி தெரியும். ரெசின் பிரிண்டரில் 0.05, அதாவது இரண்டரை மில்லிமீட்டர், ப்ரைமரில் மறைந்துவிடும். பிஎல்ஏ இழையில் எடுத்ததை மே மாதம் காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், 60 டிகிரியை ஒட்டி அது இளகிவிடும். ரெசின் வேறு மாதிரி, மெல்லிய இடங்கள் பட்டென்று ஒடியும்.

அதனால் கைப்பிடி, ஏணி, மாஸ்ட் சட்டம் எல்லாம் பித்தளை. கொலுசுப் பட்டறை உதவுவது இங்கேதான். பித்தளை உருக 900 டிகிரி வரை வேண்டும், வெண்காரம் தடவி வெள்ளிப் பற்றாசுப் பொடி வைத்து ஊதினால் தாராளமாகத் தாங்கும். கொலுசில் கடுகளவு வளையத்தைப் பற்றவைக்கும் கைகளுக்கு ரிக் ஏணி பெரிய வேலையே இல்லை. அளவுக்கு வரைந்த படத்தை ஓர் ஓட்டின் மேல் ஒட்டி, கம்பிகளை வெட்டித் தயாராகக் கொண்டுபோய் உட்கார்ந்தால் முடித்துக் கொடுப்பார்கள். தீபாவளிக்கு முன்பும் முகூர்த்த சீசனிலும் போகாதீர்கள், அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. 20 அடி ராடு ஒன்று 1:50-இல் 12 சென்டிமீட்டர், மெல்லிய பித்தளைக் குழாயை வெட்டினால் போதும்.

மறைந்திருக்கும் செலவு கம்ப்யூட்டரில் வரைவது. பிரிண்ட் எடுக்க ஆகும் காசு கொஞ்சம், வரைய ஆகும் நாட்கள்தான் அதிகம், வெளியில் கொடுத்தால் அதுவே பெரிய பில்.

ஒரே பார்வையில்

| | 1:50 மெட்டல் | 1:35 கிட் | 1:16 ப்ரூடர் | முழுக்கக் கையால் |
|---|---|---|---|---|
| பேக்ஹோ நீளம் | 12 செ.மீ. | 17 செ.மீ. | 37 செ.மீ. | உங்கள் விருப்பம் |
| வண்டி கிடைப்பது | நிறைய | மிகக் குறைவு | ஓரளவு | எதுவும் |
| மாற்றும் வசதி | பெயிண்ட், பெயர், சில பாகம் | எல்லாமே | பெயிண்ட், பெயர் | எல்லாமே |
| குழந்தை கை | தாங்காது | தாங்கவே தாங்காது | தாங்கும் | தாங்காது |
| பெயர் எழுத | டெக்கால் | டெக்கால் | ரேடியம் கடை | டெக்கால், கைவேலை |
| எதிர்பாராத செலவு | சுங்கம் | கருவிகள் | இடம் | வரைபடம் |

நிறமும் அழுக்கும்: எல்லா வழிக்கும் பொது

எதை வாங்கினாலும், அது உங்கள் வண்டியாக மாறுவது இங்கேதான். நிறத்துக்கு, உங்கள் வண்டிக்கு டச்சப் செய்யும் டிங்கரிங் பட்டறையில் அதே கலரில் நூறு மில்லி கலந்து வாங்குங்கள். அடிப்பதை மட்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். கார் அடிக்கும் கன்னின் ஓட்டை 1.3 மில்லிமீட்டர், ஏர்பிரஷ் 0.3, அந்தக் கன் அடிக்கும் ஒரே பூச்சில் போல்ட் தலையெல்லாம் மூழ்கிவிடும். ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, கரி வடிகட்டி வைத்த மாஸ்க் இல்லாமல் வீட்டுக்குள் அடிக்கவே கூடாது.

அழுக்கு என்றதும் எல்லாரும் துரு பூசுகிறார்கள். தினமும் ஓடும் வண்டியில் துரு அவ்வளவு இருக்காது. பக்கெட்டின் உள்பக்கமும் பல்லும் மண்ணில் தேய்ந்து வெள்ளி மாதிரி பளபளக்கும். ட்ராக் தகட்டின் விளிம்பும் அப்படித்தான். சிலிண்டர் ராடு எப்போதும் சுத்தமான குரோம், அங்கே மண் பூசினால் சீல் போன வண்டி என்று அர்த்தம். பின் இருக்கும் இடங்களில் கிரீஸ் வழிந்து, மண் ஒட்டி, கறுப்பாக, ஈரமாக இருக்கும், மற்ற இடமெல்லாம் மேட் என்றால் அங்கே மட்டும் கிளாஸ் வார்னிஷ். டீசல் ஊற்றும் மூடிக்குக் கீழே ஒரு வழிசல், ஏறும் படியில் செருப்புத் தேய்த்த தடம், கதவுக் கைப்பிடியைச் சுற்றி விரல் கறை. வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பூசுங்கள், கற்பனையில் பூசாதீர்கள்.

மண்ணின் நிறமும் ஊரைச் சொல்லும். கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் ஓடிய வண்டி மேலே வெள்ளைப் பவுடர். ஏற்காட்டு மலைப்பாதையில் சரிவு வெட்டிய வண்டி முட்டுவரை செம்மண். கிரஷரில் நின்ற வண்டி சாம்பல். உங்கள் வண்டியின் ட்ராக்கில் காய்ந்த மண்ணையே சுரண்டி எடுக்கலாம், ஆனால் நன்றாக அரைத்து வேட்டித் துணியில் சலியுங்கள். 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் 1:50-இல் அரை சென்டிமீட்டர் ஜல்லி.

ஆயுத பூஜை சந்தனப் பொட்டு பல் குத்தும் குச்சி முனையால். எலுமிச்சம்பழத்துக்கு 1:35-இல் பொடிக் கடுகு, 1:16-இல் பெரிய கடுகு, மஞ்சள் அடித்து நூலில் கோக்கலாம். 1:50-இல் கடுகும் பூசணிக்காய் ஆகிவிடும், ஒரு துளி பசையைக் காயவைத்து மஞ்சளாக்குங்கள்.

யாருக்கு எது

ஓட்டுநர் அண்ணனுக்கோ முதலாளிக்கோ ஆபீஸ் மேஜையில் வைக்கப் பரிசு, வண்டி ஹிட்டாச்சியோ கேட்டோ என்றால் 1:50 மெட்டல். வாங்கி, டெக்கால் ஒட்டி, அளவாக அழுக்கு பூசினால் போதும், பிரிக்கக்கூட வேண்டாம். கல் குவாரி வண்டி, பிரேக்கர் மாட்டியது, கேபினுக்குக் கூண்டு போட்டது என்றால் அதே மெட்டலை எடுத்து பிரேக்கரை ரெசினிலும் கூண்டைப் பித்தளையிலும் செய்யுங்கள், 1:35-க்குத் தாவ வேண்டாம்.

மாடல் செய்வதையே பொழுதுபோக்காக்க நினைப்பவர் கிட். வீட்டில் குழந்தை இருந்தால் ப்ரூடர், பெயர் ரேடியம் கடையில், கண்ணாடியும் கைப்பிடியும் அப்படியே இருக்கட்டும். 3டிஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் நான் பெரும்பாலும் ப்ரூடரைத்தான் சொல்வேன், பொம்மைத்தனம் இருந்தாலும் அந்த அளவில் பெயரும் பொட்டும் எலுமிச்சையும் தெரியும். வாங்கும் முன் முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிக் வண்டிக்காரர்களுக்குக் கையால் செய்வதைத் தவிர வழி இல்லை, அதனால் அவசரமும் வேண்டாம். வண்டி பாதி வருஷம் வெளிமாநிலத்தில் ஓடும், ஊருக்கு வந்து சர்வீஸுக்கு நிற்கும் நாட்களில் டேப்போடு போய் மாஸ்ட் நீளம், சக்கர இடைவெளி, கேபின் கதவு உயரம், ஜாக்கிகளின் இடம், ராடு அடுக்கின் அகலம் என்று அளந்து, ஒவ்வொரு பக்கமும் நேராக நின்று போட்டோ எடுத்துவிடுங்கள். பெயிண்டர் புதுசாகப் பூப் போடும் முன் பழைய பெயரையும் எடுத்துவையுங்கள், முதலாளிக்கு எது பிடிக்கும் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.